ஈவும் நிலுவையும்

தமிழ்ப் பள்ளியில் வகுத்தல் கணக்குக் கற்பிக்கும் ஆசிரியர் முதல் நாளன்று நான்கு சொற்களைக் கரும்பலகையில் எழுதுவது வழக்கம்: வகுபடும் எண், வகுக்கும் எண், ஈவு, மீதி. இவற்றுள் முதலாவதாகிய வகுபடும் எண்ணை ஆங்கிலத்தில் ‘டிவிடெண்டு’ என்பர். ஒரு கம்பெனி தன் பங்காளிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் இலாபத்துக்கும் அவர்கள் மொழியில் அதுவே பெயர். நம்மவர் இதனைத் தமிழில் ஆக்கியபோது வகுபடும் எண்ணை விட்டுவிட்டு, விடையாக வருகின்ற ‘ஈவு’ என்னும் சொல்லை எடுத்துக்கொண்டனர். ஈதல் என்னும் பொருளில் வரும் ‘ஈ’ என்ற வினையடியிலிருந்து பிறந்த சொல் அது. ஆங்கிலேயன் பிரிக்கப்போகும் குவியலுக்குப் பெயர் வைத்தான். நாம் கைக்கு வந்து சேர்வதற்குப் பெயர் வைத்தோம். மொழிபெயர்ப்பில் நேர்ந்த இந்தச் சிறு மாற்றம் எனக்கு நெடுநாளாக ஒரு வியப்பு.

பள்ளிக்கூடத்து வகுத்தலில் எல்லாருக்கும் சமபங்கு. பன்னிரண்டு மாம்பழத்தை நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு மூன்று. முதலில் யாருக்கு, பிறகு யாருக்கு என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. கம்பெனிக் கணக்கிலோ அந்தக் கேள்விதான் முதற்கேள்வி.

எங்கள் பள்ளியில் படித்து, இப்போது கோலாலம்பூரில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை பயிலும் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருந்தார். தேர் புறப்படக் காத்திருந்த நேரத்தில் என்னிடம் ஒன்று கேட்டார். “ஐயா, கொடுக்காமல் நின்றுபோன ஈவு கடனா, கடன் இல்லையா? கடன் இல்லை என்று பாடப் புத்தகம் சொல்லுகிறது. ஆனால் அதைத் தீர்க்காமல் மற்றவனுக்கு ஒரு காசும் கொடுக்கக்கூடாது என்றும் அதே புத்தகம் சொல்லுகிறது. கடன் இல்லாத ஒன்றை ஏன் தீர்க்க வேண்டும்?” அவர் கேட்டது குவியும் முன்னுரிமைப் பங்கைப் பற்றி. அன்று என்னால் செம்மையாக விடை கூற இயலவில்லை. பின்னர் நூல்களைப் புரட்டியபோது, அந்த ஒரு கேள்விக்குள் நம் வட்டாரத்து வரலாறும் கொஞ்சம் ஒளிந்திருப்பதைக் கண்டேன். அதனைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கோலசிலாங்கூரிலிருந்து ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக் வழியாகப் பத்தாங் பெர்ஜுந்தை வரை (2007 முதல் இவ்வூருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர்) போகிறவர்கள் பழைய நாளில் தோட்டந்தோறும் ஒரு பெயர்ப் பலகையைக் காண்பார்கள். தோட்டத்தின் பெயருக்குக் கீழே கம்பெனியின் பெயரும், அதன் கடைசியில் ‘லிமிடெட்’ என்ற சொல்லும் இருக்கும். தோட்டத்துப் பிள்ளைகளாகிய எங்களுக்கு அந்தச் சொல் துரையின் பட்டங்களுள் ஒன்று போலத் தோன்றும். தோட்டத்தின் உடைமையாளர் துரை அல்லர், அவரும் கூலிக்காரரே, உடைமையாளர்கள் கடல் கடந்து முகம் தெரியாமல் இருக்கும் ஆயிரக்கணக்கான பங்காளிகள் என்பது எனக்கு விளங்கியது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போன பிறகுதான்.

இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் காப்பி போய் இரப்பர் வந்தது. மோட்டார் வண்டிக்கு டயர் வேண்டியிருந்தது. டயருக்குப் பால் வேண்டியிருந்தது. 1910 ஏப்ரலில் இலண்டன் சந்தையில் ஓர் இராத்தல் இரப்பர் 12 ஷில்லிங் 9 பென்னி வரை ஏறிற்று. அவ்வளவில் இலண்டனில் ஒரு பித்துப் பிடித்தது போலப் புதிய இரப்பர்க் கம்பெனிகள் பதிவாயின. முன்பெல்லாம் ஒரு பவுன் மதிப்பில் இருந்த பங்குகளை இரண்டு ஷில்லிங் பங்குகளாக வெளியிட்டனர். கடைக்காரரும் எழுத்தரும் கைம்பெண்களும் வாங்கட்டும் என்பது நோக்கம், அவர்களும் வாங்கினர். மரம் நட்டு ஆறேழு ஆண்டு கழித்தே பால் சுரக்கும் என்பதை வாங்கியவர்களில் எத்தனை பேர் அறிவர்?

சிலாங்கூர் ஆற்றங்கரைக்கு வந்த முதல் ஆங்கிலேயரல்லாத் தோட்டக்காரர் வரிசையில் ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் குறிப்பிடத்தக்கவர். ரந்தாவ் பஞ்சாங்கில் தோட்டம் போட்டவர்; பின்னர் 1917-இல் தென்னமராம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வாணிபச் செம்பனைச் சாகுபடியைத் தொடங்கியவர். தம் சொந்த ஊர் நண்பர்களிடமும், பெல்ஜிய நிதியாளரான அத்ரியன் ஹாலேயிடமும் பணம் திரட்டித்தான் அவர் காடு வெட்டினார். 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்ற ‘மலேசி’ என்னும் அவருடைய நாவல் இந்தத் தோட்டங்களின் வாழ்க்கையைக் கொண்டது. தமிழ்த் தொழிலாளர் அதில் வருகின்றனர், பங்காளிகள் அவ்வளவாக வருவதில்லை. அக்காலத்துப் பெல்ஜியக் கம்பெனிகளில் பணம் போட்டவனுக்கு மூலதனப் பங்கும், கம்பெனியை உண்டாக்கியவனுக்கு நிறுவனர் பங்கும் எனப் பங்குகளை இரு வகையாக வெளியிடுவது பெருவழக்கு. மூலதனப் பங்குக்கு முதலில் ஒரு குறித்த விழுக்காடு; அதற்குமேல் மிஞ்சுவதில்தான் மற்றவற்றுக்கு உரிமை. ஆங்கிலக் கம்பெனிகளின் முன்னுரிமைப் பங்கும் சாதாரணப் பங்கும் ஏறக்குறைய இதே உறவினவே.

நம் வட்டாரத்தைப் பொறுத்தவரை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆங்கிலத் தோட்டக் கம்பெனிகளில் பெரும்பாலானவை சாதாரணப் பங்கோடு நின்றவை. முன்னுரிமைப் பங்கு சிலவற்றில்தான் உண்டு. அவற்றை ஆட்டிவைத்த ஏஜென்சி நிறுவனங்களிலும், நம் பாலை வாங்கிய டயர் ஆலைகளிலும் அது மிகுதி. 1908-இல் லிமிடெட் கம்பெனியான ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்ஃபீல்டின் மூலதனத்தில் முன்னுரிமைப் பங்குகள் இருந்தன. அமெரிக்காவின் யுனைட்டெட் ஸ்டேட்ஸ் ரப்பர் கம்பெனி 8 விழுக்காட்டு முன்னுரிமைப் பங்கு வெளியிட்டிருந்தது. ஆனால் அது குவியாத வகை. அந்த வேறுபாட்டைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் யாருக்கு என்னும் கேள்வி நம் முன்னோர்க்குப் புதியதன்று. தஞ்சைத் தரணியின் களத்துமேட்டை நினைத்துப் பாருங்கள். நெல் அடித்துக் குவித்த பின், நிலக்காரரின் மேல்வாரமும் உழுதவனின் குடிவாரமும் பிரிப்பதற்கு முன்னதாக, மொத்தக் குவியலிலிருந்தே ஊர்த் தொழிலாளர்க்கு அளந்துவிடுவார்கள். கொல்லர், தச்சர், வண்ணார், காவற்காரர், வெட்டியான் ஆகியோர்க்குரிய அந்தப் படிக்கு மேரை என்றும் சுதந்திரம் என்றும் பெயர். அளவு சிறியது, அதைப் பெற்றவர்களில் பலர் களத்தின் ஓரத்தில்தான் நிற்க வேண்டியிருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் வரிசை முறை ஒன்று இருந்தது: மிச்சத்தில் பங்கு கேட்பவன் வேறு, முதலிலேயே அளந்து பெறுபவன் வேறு. ஆனால் மேரைக்கும் ஒரு குறை உண்டு. மழை பொய்த்த ஆண்டில் அளக்காத நெல்லை அடுத்த ஆண்டுக் குவியலில் சேர்த்து அளப்பதற்கு அங்கே கணக்கேடு கிடையாது.

அந்தக் கணக்கேட்டை உண்டாக்கியவை இங்கிலாந்தின் இரயில்வேக் கம்பெனிகள். 1840-களில் பாதை போட்டுக்கொண்டிருந்தபோது கையிருப்புத் தீர்ந்தது. பங்கு மூலதனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடன் வாங்கக்கூடாது என்று பார்லிமெண்டுச் சட்டங்கள் தடுத்தன. பாதிப் பாதையில் நிற்கும் கம்பெனியின் சாதாரணப் பங்கை வாங்க ஆளில்லை. ஆகவே, “உங்களுக்கு முதலில் இத்தனை விழுக்காடு கொடுத்துவிட்டுத்தான் பழைய பங்காளிகளுக்குக் கொடுப்போம்” என்று வாக்களித்துப் புதிய பங்குகளை விற்றனர். கடன் கொடுத்தவனுக்குரிய உறுதியும் பங்காளிக்குரிய பெயரும் கொண்ட இந்தக் கலப்புப் பிறவிதான் முன்னுரிமைப் பங்கு.

வாக்களித்தபடி ஓராண்டு கொடுக்க இயலாவிட்டால் என்ன? இதற்கு விடை ஒரு திருட்டிலிருந்து பிறந்தது. கிரேட் நார்தர்ன் இரயில்வேயில் பங்குப் பதிவேட்டைக் கவனித்துவந்த லியோபோல்டு ரெட்பாத் என்பவன் இல்லாத பங்குகளை ஏட்டில் எழுதி விற்று, இரண்டு இலட்சம் பவுனுக்கும் மேல் சுருட்டினான். பெரிய மாளிகை, ஏழைகளுக்குக் கொடை, ஊரில் நல்ல பெயர்! 1856-இல் அகப்பட்டு, ஆயுள் தண்டனையாக மேற்கு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டான். அவன் செய்த நட்டத்தால் ஈவு தடைப்பட்டபோது முன்னுரிமைப் பங்காளிகள் வழக்குத் தொடுத்தனர். 1857-இல் ‘ஹென்றி எதிர் கிரேட் நார்தர்ன்’ என்ற அவ்வழக்கில், விட்டுப்போன ஈவைப் பின்வரும் இலாபத்திலிருந்து ஈடுசெய்த பிறகே சாதாரணப் பங்காளி கைநீட்டலாம் என்ற கொள்கை நிலைபெற்றது. இரயில்வே முதலாளிகள் சும்மா இருப்பார்களா? 1863-இல் வந்த சட்டம், இனிமேல் தனிச் சட்டங்களால் அமையும் அத்தகைய கம்பெனிகளில் அந்தந்த ஆண்டு இலாபத்திலிருந்து மட்டுமே முன்னுரிமை ஈவு, விட்டது விட்டதுதான் என்று மாற்றியது. மற்றக் கம்பெனிகளுக்கு 1875-இல் ‘வெப் எதிர் ஏர்ல்’ வழக்கு பழைய கொள்கையையே உறுதி செய்தது: குவியாது என்று வெளிப்படையாக எழுதாவிட்டால் குவியும் என்றே கொள்ள வேண்டும். 1896-இல் ஈஸ்ட்மன் போட்டோக் கம்பெனி வழக்கில், ‘ஒவ்வோர் ஆண்டின் நிகர இலாபத்திலிருந்து’ என்று விதியில் எழுதியிருந்த சில சொற்களே குவியும் உரிமையைக் கெடுத்துவிட்டன. தமிழாசிரியர்கள் வேற்றுமை உருபுக்காக மல்லுக்கு நிற்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இந்தத் தீர்ப்புகளைப் படித்துப் பார்க்கலாம்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். கற்பனையாக ஒரு தோட்டக் கம்பெனி. முன்னுரிமை மூலதனம் 1,00,000 வெள்ளி, 6 விழுக்காடு, குவியும் வகை. சாதாரண மூலதனம் 2,00,000 வெள்ளி. முன்னுரிமைக்காரருக்கு ஆண்டுதோறும் உரியது 6,000 வெள்ளி.

முதலாண்டு விலை வீழ்ச்சி; ஈவே இல்லை. நிலுவை 6,000. இரண்டாமாண்டு கம்பெனி 2,000 வெள்ளிதான் பிரிக்கிறது; அது முழுவதும் முன்னுரிமைக்கே போகும். நிலுவை 10,000 ஆகும். மூன்றாமாண்டு 12,000 பிரிக்கிறார்கள். உரியதோ பழைய 10,000, புதிய 6,000, ஆக 16,000. ஆகவே பன்னிரண்டாயிரமும் அவர்களுக்கே. இன்னும் 4,000 நிலுவை. சாதாரணப் பங்காளி மூன்றாண்டாகக் கிணற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறான். நான்காமாண்டு நல்ல விலை, 30,000 வெள்ளி. நிலுவை 4,000, அவ்வாண்டுக்குரியது 6,000, ஆகப் பத்தாயிரம் முன்னுரிமைக்கு. மிஞ்சிய 20,000 சாதாரணப் பங்காளிக்கு. அவன் முதலுக்கு அது 10 விழுக்காடு. நான்காண்டையும் கூட்டிப் பார்த்தால் முன்னுரிமைக்காரர் பெற்றது 24,000. ஆண்டுக்கு ஆறாயிரம் வீதம் ஒரு காசும் குறையவில்லை.

இதே கம்பெனியில் முன்னுரிமை குவியாத வகையாக இருந்திருந்தால்? மூன்றாமாண்டுப் பன்னிரண்டாயிரத்தில் 6,000 போக மீதி 6,000 சாதாரணப் பங்காளிக்குப் போயிருக்கும். நான்காமாண்டில் 24,000 போயிருக்கும். முன்னுரிமைக்காரர் நான்காண்டில் பெறுவது 14,000 மட்டும். ‘குவியும்’ என்னும் ஒரு பெயரெச்சத்தின் விலை 10,000 வெள்ளி. அமெரிக்க டயர்க் கம்பெனியின் பங்கைப் பற்றி முன்னே சொன்னேனே, அங்கே விட்ட ஆண்டு விட்டதுதான்.

மாணவரின் கேள்விக்கு இப்போது வரலாம். ஈவு என்பது கம்பெனி கொடுப்பதாக அறிவித்த பிறகுதான் கடன் ஆகிறது. அறிவித்த நாளன்று, பகிராத இலாபக் கணக்கில் பற்று எழுதி, கொடுபட வேண்டிய ஈவுக் கணக்கில் வரவு எழுதுவர். பணம் கொடுக்கும் நாளில் கொடுபட வேண்டிய ஈவில் பற்று, வங்கிக் கணக்கில் வரவு. அறிவிக்காத ஆண்டில் ஏட்டில் எந்தப் பதிவும் இல்லை. முன்னுரிமைக்காரர் வழக்குப் போட்டு அறிவிக்கச் செய்யவும் முடியாது. 1902-இல் பாரோ எஃகுக் கம்பெனி வழக்கில் அதைத்தான் சொன்னார்கள். நிலுவைக்கு வட்டியும் இல்லை. ஆதலால் அது கடன் அன்று. ஆயினும் இலாபம் பிரிக்கப்படும் நாளில் அது வாசலில் குறுக்கே நிற்கிறது. அதைத் தாண்டிக்கொண்டு சாதாரணப் பங்காளியிடம் போக வழியில்லை. எனவே, சாதாரணப் பங்கு வாங்க வருபவன் ஏமாறாதிருக்கும் பொருட்டு, இவ்வளவு நிலுவை உள்ளது என்று கணக்கறிக்கையின் அடிக்குறிப்பில் கட்டாயம் எழுத வேண்டும். இன்று உலகெங்கும் வழங்கும் கணக்கியல் நெறிகளும் இதையே கேட்கின்றன. சாதாரணப் பங்கொன்றின் வருவாயைக் கணக்கிடும்போதும், அறிவித்தாலும் அறிவிக்காவிட்டாலும் அவ்வாண்டின் குவியும் முன்னுரிமை ஈவைக் கழித்தே கணக்கிட வேண்டும். நம் நாட்டு 1965-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டமும், ஈவு குவியுமா குவியாதா என்பதை அமைப்பு விதியில் எழுதாமல் முன்னுரிமைப் பங்கை வெளியிடக்கூடாது என்று கூறிற்று.

முன்னுரிமைக்காரரே எப்போதும் வெல்வார் என்று எண்ணிவிட வேண்டாம். மலாக்கா நீரிணைக்கு அப்பால், வட சுமத்ராவில், யுனைட்டெட் லங்காட் தோட்டக் கம்பெனி என்று ஒன்று இருந்தது. அதன் முன்னுரிமைப் பங்குக்கு 10 விழுக்காடு, குவியும் வகை. நல்ல காலம் வந்து இலாபம் பெருகியபோது, பத்து விழுக்காட்டுக்கு மேலும் மிச்சத்தில் தமக்குப் பங்கு உண்டு என்று வில் என்னும் பங்காளி வழக்காடினார். வழக்கு பிரபுக்கள் சபை வரை போயிற்று. 1914-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் இடம்பெற்ற அந்த முடிவு இன்றும் மாணவர்கள் படிப்பது: பத்து என்று எழுதிக் கொடுத்தால் பத்துதான், அந்த எழுத்தே உரிமையின் எல்லையையும் வகுத்துவிட்டது. மேலே கேட்க இடமில்லை. விலை இறங்கும்போது காப்பு, ஏறும்போது கட்டு. சாதாரணப் பங்காளிக்கு நேர்மாறு: இறங்கும்போது பட்டினி, ஏறும்போது விருந்து. இரண்டும் ஒருவகையில் நியாயமான பேரங்களே என்று நான் கருதுகிறேன். ஒவ்வொருவனும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கியிருக்கிறான்.

அப்படியானால் பால்மரத்தடியில் நின்றவன் எந்தப் பேரத்தைச் செய்தான்?

அவன் வந்த வழியிலேயே ஒரு பேரம் நடந்திருந்தது. 1856-இல் சென்னையிலிருந்து வாலாஜா வரைக்கும், 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கும் இரயில் பாதை திறந்தார்கள். அப்பாதைகளைப் போட்ட இலண்டன் கம்பெனிகளின் பங்குக்கு 5 விழுக்காடு வரை அரசாங்கமே உத்தரவாதம் கொடுத்திருந்தது. வருமானம் போதாத ஆண்டில் குறைந்த தொகையை இந்தியாவின் வரிப்பணத்திலிருந்து நிரப்பினர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருடப் பஞ்சத்தின்போதும் அந்த உத்தரவாதம் நின்றதில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் முன்னோர் பலர் அப்பாதையில் வந்தவர்களே.

இங்கே தோட்டக் கூலி 1920-களின் இறுதியில், கரையோரச் சிலாங்கூர் போன்ற வட்டாரங்களுக்கு ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என அரசாங்கத்தால் வகுக்கப்பட்டது. அதற்குச் சற்று முன், 1925-இல், ஸ்டீவன்சன் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் பயனாக இரப்பர் இராத்தலுக்கு 4 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. அந்த உச்சியில் கூலி விலையோடு சேர்ந்து ஏறவில்லை. கூலி என்பது வரையறுத்த தொகை, இலாபத்தில் உனக்குப் பங்கில்லை என்பது வாதம். அதாவது வில் என்பவருக்குப் பிரபுக்கள் சபை சொன்ன அதே விடை. பிறகு உலக மந்தம் வந்தது. 1932-இல் இராத்தல் 2 பென்னிக்கும் கீழே போயிற்று. 1930 அக்டோபரிலேயே கூலியை ஆணுக்கு 40, பெண்ணுக்கு 32 என்று குறைத்துவிட்டனர்; பின்னர் பல தோட்டங்களில் இன்னும் இறங்கிற்று. இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பினர். இப்போது வாதம் மாறிவிட்டது: விலை இறங்கினால் எல்லாரும் தாங்கத்தானே வேண்டும்? அரிசி விலையும் இறங்கியிருந்தது என்பதை நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். அதைக் காட்டித்தான் குறைத்தார்கள். 

விலை ஏறியபோது அவனை முன்னுரிமைப் பங்காளியைப் போல வரம்பில் நிறுத்தினார்கள். இறங்கியபோது சாதாரணப் பங்காளியைப் போல நட்டத்தில் நிறுத்தினார்கள். சாதாரணப் பங்காளிக்காவது பொதுக்கூட்டத்தில் வாக்கு உண்டு.

குறைத்த பத்துக் காசை ஒருநாள் கரும்பலகையில் எழுதிக் கணக்கிட்டுப் பார்த்தேன். மாதம் 25 நாள் பெரட்டுக்குப் போகும் ஆண் தொழிலாளிக்கு மாதத்துக்கு இரண்டரை வெள்ளி. ஆண்டுக்கு 30 வெள்ளி. ஆறாண்டுக்கு 180 வெள்ளி. 1937-இல் 50 காசு திரும்ப வந்தபோது, நிலுவை என்ற பேச்சே எழவில்லை. எந்த அடிக்குறிப்பிலும் அது இல்லை. அடுத்த ஆண்டே மீண்டும் ஐந்து காசு குறைந்தது. 1938 ஜூனில் இந்திய அரசாங்கம் உதவிக் குடியேற்றத்தையே நிறுத்தியது. சட்டம் முன்னுரிமைக்காரருக்குச் செய்துகொடுத்த அந்தச் சிறு ஏற்பாடு, கடனாகாமலேயே நினைவில் வைத்திருக்கும் ஏற்பாடு, செக்ரோலில் இடம்பெறவில்லை.

1941-இல் கிள்ளானில் தொடங்கிக் கோலசிலாங்கூர் வட்டாரத்துக்கும் பரவிய வேலைநிறுத்தத்தைப் பற்றி இப்பகுதியில் பலரும் எழுதியுள்ளனர். தமிழ் நேசன் ஆசிரியர் குழுவில் இருந்த ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டதும், மே மாதத்தில் துருப்புகள் சுட்டதில் தொழிலாளர்கள் மாண்டதும், சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதும் அறிந்த செய்திகள். அன்றைய கோரிக்கைகளில் கூலி உயர்வோடு, துரை எதிரே வரும்போது சைக்கிளிலிருந்து இறங்காதிருக்கும் உரிமையும் இருந்தது. போர்க்காலத் தேவையால் இரப்பர் நன்றாக விற்ற நேரம் அது. முந்திய பத்தாண்டின் பத்துக் காசுகள் யாருடைய நினைவிலும் இல்லாமலா இருந்திருக்கும்?

1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றி, பி. பி. நாராயணனின் தலைமையில் முதலாளிகளோடு பேசியபோது கூலியை இரப்பர் விலையோடு பிணைக்கும் ஒப்பந்தங்கள் வந்தன. விலை ஏறினால் கூலியும் ஏறும் என்பது பெரிய முன்னேற்றம். பேரத்தின் மேற்பாதியும் தொழிலாளிக்குத் திறந்தது. இறங்கினால் இறங்கும் என்ற கீழ்ப்பாதியும் உடன் வந்தது. சட்டம் வகுத்த குறைந்தபட்சச் சம்பளம் என்னும் தரை 2013-இல்தான் வந்தது, தீபகற்பத்துக்கு மாதம் 900 ரிங்கிட்டாக. அதற்குள் நம் வட்டாரத்துப் பால்மரங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு இடம் விட்டிருந்தன. பெயர்ப் பலகைகளும் மாறியிருந்தன. 1981 செப்டம்பரில் ஒரு காலைப்பொழுதில் பி. என். பி. இலண்டன் பங்குச் சந்தையில் குத்ரியைக் கைப்பற்றியதை நினைவுகூர்வோர் உண்டு. அன்று வாங்கியவை சாதாரணப் பங்குகள். கம்பெனியை ஆளும் வாக்கு அவற்றில்தான் இருந்தது. முன்னுரிமைப் பங்குக்குப் பொதுவாக ஈவு நிலுவையாகும் காலத்தில்தான் வாய் திறக்கும்.

நம்மவரும் பங்காளியான கதை ஒன்று இடையில் உண்டு. துண்டாடலில் தோட்டங்கள் விற்பனையாகித் தொழிலாளர் தெருவில் நின்ற காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளரிடம் மாதத் தவணையில் பங்குப் பணம் திரட்டினார்கள். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. கூட்டுறவில் முன்னுரிமை என்றும் சாதாரணம் என்றும் இரு பந்தி கிடையாது. பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. காப்பு நிதிக்கு ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதில் ஈவு. இல்லாத ஆண்டில் இல்லை, அது குவிவதும் இல்லை.

என் தகப்பனாரும் தவணை கட்டிப் பங்கு வாங்கியவர். பால் வெட்டி, ஒட்டுப்பால் பொறுக்கி, அம்மா சேர்த்துவைத்த காசில் கட்டியது. அந்தப் பங்குச் சீட்டைத் தகரப் பெட்டியில் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களுக்குக் கீழே வைத்திருந்தார். ஈவு வந்த நாளில் அதை ‘வட்டி’ என்றுதான் சொல்லுவார். நான் பயிற்சிக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது அது வட்டி அன்று, ஈவு என்று திருத்தினேன். வட்டி என்றால் கொடுத்தே ஆக வேண்டும், ஈவு என்றால் இலாபம் இருந்தால்தான் என்று விளக்கினேன். “அப்படியென்றால் நமக்கும் துரைமார் கணக்குத்தான்” என்று சொல்லிவிட்டுச் சீட்டை மடித்துப் பெட்டியில் வைத்தார். அதில் மகிழ்ச்சியா கவலையா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

மாணவருக்கு இவற்றையெல்லாம் ஒரு கடிதமாக எழுதி அனுப்பினேன். விடை வந்திருக்கிறது. கணக்கு விளங்கிற்றாம், நான்காமாண்டு எண்களைத் தாமும் போட்டுப் பார்த்துச் சரி கண்டாராம். மிச்சத்திலும் பங்கு கேட்கும் முன்னுரிமைப் பங்கு என்று இன்னொரு வகை இருக்கிறதாம், வில் என்பவர் அதைத்தான் வாங்கியிருக்க வேண்டும் என்கிறார். தீபாவளிக்கு வரும்போது அந்தக் கணக்கைக் கொண்டுவருவதாக எழுதியிருக்கிறார்.